தாள் தேறினால் நீலம் தேறும்

சயனோடைப் அச்சைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூரியனிலிருந்துதான் தொடங்குவார்கள். வெயிலில் வைத்தால் படம் விழும், தண்ணீரில் அலசினால் நீலம் தெளியும், விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நாலு தாள் பூசிப் பார்த்தவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். கெட்டுப்போன படங்களில் வெயிலால் கெட்டவை சொற்பம். மிச்சமெல்லாம் வெயிலுக்குப் போகும் முன்பே, வீட்டுக்குள்ளேயே கெட்டவை. தாள் சரியில்லை, பூச்சு சரியில்லை, காயவைத்த விதம் சரியில்லை. படத்தை எழுதுவது ஒளிதான். அதை எழுத விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது தாளும் அதற்குள் இருக்கும் ஈரமும்.

அதனால்தான் இந்த அத்தியாயத்தைத் தானா ராத்தாவில் வைத்துக்கொள்கிறேன். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆண்டு முழுக்கச் சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். மழை ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர். சென்னை மழையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. காலையில் பளீரென்று அடிக்கும் வெயிலை நம்பி எதையாவது காயப்போட்டால், மதியம் திரும்பியதும் மேகம் இறங்கி மழையும் சேர்ந்துகொள்ளும். தேயிலைக்கு இந்த ஈரம் வேண்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியதும், தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் லயத்தில் குடியிருந்து இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்ததும் இதை நம்பித்தான். பூசிய தாளுக்கோ இதே ஈரம் பகை. வறண்ட ஊர்க்காரர் எழுதிய செய்முறையை அப்படியே இங்கே செய்து பார்த்தால், வரும் கோளாறு ஒவ்வொன்றும் அந்தச் செய்முறையில் சொல்லாமல் விட்ட ஒரு வேதியியலைக் காட்டிக்கொடுக்கும். படிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அன்னபேதியும் நீலமும்

இரும்பு சேர்மங்களில் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் இருக்கும். மூன்று எலக்ட்ரான்களை இழந்தது ஃபெரிக். இரண்டை மட்டும் இழந்தது ஃபெரஸ். துருவில் இருப்பது ஃபெரிக். நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கட்டியாகக் கிடைக்கும் அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், ஃபெரஸ். சயனோடைப்பில் நடப்பதெல்லாம் முதலாவது இரண்டாவதாக மாறுவதுதான்.

பூச்சில் இரண்டு உப்புகள். ஒன்று ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், மற்றது பொட்டாசியம் ஃபெரிசயனைடு. நீல ஒளியோ புற ஊதாக் கதிரோ பட்டதும் சிட்ரேட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகிறது. ஃபெரிக் ஃபெரஸாகிறது. எலக்ட்ரானைக் கொடுத்த சிட்ரேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. புதிதாக உண்டான ஃபெரஸ், பக்கத்திலேயே இருக்கும் ஃபெரிசயனைடுடன் சேர்ந்து பிரஷ்யன் நீலமாகிறது. இது நீரில் கரையாது. பிறந்த இடத்திலேயே நாருக்குள் மாட்டிக்கொள்ளும். ஒளி படாத இடத்திலுள்ள உப்புகள் கரையும் தன்மையோடு அப்படியே இருப்பதால், அலசியதும் வெளியேறிவிடும். வெள்ளி உப்பில் எடுக்கும் புகைப்படத்துக்குத் தேவைப்படும் டெவலப்பர், ஃபிக்சர் எதுவும் இதற்கு வேண்டாம்.

நீலம் மட்டும் இதைவிடப் பழையது. 1706ஐ ஒட்டி பெர்லினில் டீஸ்பாக் என்ற வண்ணத் தயாரிப்பாளர் சிவப்புச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் சேர்த்தவற்றில் நம் அன்னபேதியும் உண்டு, பொட்டாஷும் உண்டு. அந்தப் பொட்டாஷ் விலங்கு எண்ணெய் கலந்து அழுக்கானது; சிவப்புக்குப் பதில் நீலம் வந்தது. விலையுயர்ந்த நீலக்கல் பொடிக்கு மாற்றாக ஓவியர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஒளியைக் கொண்டு அதே நீலத்தைத் தாளின் மேலேயே பிறக்கவைக்கலாம் என்று 1842இல் கண்டவர் ஜான் ஹெர்ஷல், யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன். இரும்புச்சத்து டானிக்காக அப்போதுதான் மருந்துக் கடைகளுக்கு வந்திருந்த அம்மோனியம் சிட்ரேட் உப்பை அவர் ஒளிக்குக் காட்டிப் பார்த்தார். பூக்களின் சாற்றைத் தாளில் பூசி வெயிலில் வெளுக்கவைத்துப் படம் எடுக்கும் முயற்சியும் அதே ஆய்வறிக்கையில் இருக்கிறது.

ஹெர்ஷலுக்கு அது ஒரு சோதனை. அதை வேலையாக எடுத்துக்கொண்டவர் ஆனா அட்கின்ஸ். பிரித்தானியக் கடற்பாசிகளின் நீலப் படங்களை 1843 அக்டோபரிலிருந்து பத்தாண்டு காலம் பகுதி பகுதியாக வெளியிட்டார். தட்டுகள் சுமார் நானூறு. ஒரு பிரதிக்கு ஒரு தட்டு என்றால் ஒரு தாள். ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளையும் தனியாகப் பூசி, காயவைத்து, பாசியைப் பரப்பி, வெயிலில் வைத்து, அலசியாக வேண்டும். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று அந்த வெளியீட்டைப் பாராட்டுகிறவர்கள் அந்தப் பூச்சு வேலையைப் பற்றி ஒரு வரி கூட எழுதுவதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. பின்னால் ஆன் டிக்சன் என்ற தோழியோடு சேர்ந்து பெரணிகளையும் எடுத்தார். ஜமைக்கா, இலங்கை என்று ஊர்ப்பெயர் எழுதிய பெரணிகளும் அவற்றில் உண்டு. கேமரன் மலையில் சாலையோரத்தில் கை நீட்டினால் தட்டுப்படுவதும் பெரணிதான். முதல் படத்துக்குப் பெரணியை விடத் தோதான செடி கிடையாது. தட்டையாகப் படியும், ஓரம் துல்லியமாக விழும்.

1870களில் ஆலைகளே சுருள் சுருளாகப் பூசி விற்கத் தொடங்க, பொறியியல் அலுவலகங்கள் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டன. நீலத்தில் வெள்ளைக் கோடாக விழுந்த வரைபடங்களைத்தான் நம் பொதுப்பணித் துறையில் ‘ஃபெரோ’ என்றார்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் சாலை போட்ட 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் உலகமெங்கும் அதுதான் வழக்கம். பிறகு அம்மோனியா பிரிண்ட் வந்து அதை ஓரங்கட்டியது. ஆலைத் தாள் மறைந்ததும் கையால் பூசும் வேலை மறுபடி நம்மிடமே வந்து சேர்ந்தது.

சுண்ணாம்பு ஒளிந்திருக்கும் தாள்

அட்கின்ஸ் பூசியது வாட்மன் ஆலைத் தாள். பழந்துணி நாரில் செய்து, ஜெலட்டினில் தோய்த்தது. இன்று அந்த வகைத் தாளைத் தேடிக் கடைக்குப் போகிறவர் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டுவார்: கடையிலேயே விலை கூடிய தாள் சில சமயம் ஒன்றுக்கும் உதவாது.

காரணம் நூலகங்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழுக்குப் படிகாரமும் ரோசினும் சேர்த்துத் தாள் செய்தார்கள். படிகாரம் அமிலத்தன்மை உள்ளது. ஆண்டுகள் போகப் போக செல்லுலோஸ் சங்கிலிகளை நறுக்கிவிடும். பழைய புத்தகத்தின் பக்கம் மடித்தால் ஒடிவது அதனால்தான். இதைத் தடுக்க, 1980களிலிருந்து ஆலைகள் பெருமளவில் காரத்தன்மை உள்ள முறைக்கு மாறி, தாளுக்குள்ளேயே கால்சியம் கார்பனேட்டைச் சேர்க்கத் தொடங்கின. காற்றிலிருந்து வரும் அமிலத்தை அந்தச் சுண்ணாம்பு விழுங்கிவிடும். அமிலமற்றது, ஆவணத் தரம் என்று அட்டையில் போட்டிருக்கும் தாள் பெரும்பாலும் இப்படிப்பட்டது. நூலகருக்கு நல்ல செய்தி. நமக்குக் கெட்ட செய்தி, ஏனென்றால் பிரஷ்யன் நீலத்தின் முதல் எதிரி காரம். காரம் பட்டதும் நீலம் இரண்டாகப் பிரியும்: ஒரு பக்கம் துரு நிற இரும்பு ஹைட்ராக்சைடு, இன்னொரு பக்கம் கரைந்து ஓடும் ஃபெரோசயனைடு. படம் அலசும்போதே வெளுக்கும். அல்லது அன்றைக்குத் தப்பித்து, மாதக்கணக்கில் மெல்ல மங்கும்.

தாளில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டு வினிகரை விட்டு உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்வார்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை. அளவு குறைவாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டில் சின்னப் படம் எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் நீலம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே நம்பகமானது.

சுண்ணாம்புத் தாளை மாற்றவும் வழி உண்டு: அமிலத்தில் ஊறவைப்பது. எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், எல்லோர் வீட்டிலும் இருக்கும் என்பதால் பலரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அது உண்டாக்கும் கால்சியம் சிட்ரேட் எளிதில் கரையாது, தாளுக்குள்ளேயே தங்கிவிடும். உப்புக்கறை போக்கும் பொடிகளில் இருக்கும் சல்பாமிக் அமிலத்தின் கால்சியம் உப்பு நன்றாகக் கரையும். பத்து சதவீதக் கரைசலில் நுரைப்பது அடங்கும்வரை ஊறவிட்டு, பல தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும். வாசனையும் நிறமும் சேர்த்த கழிவறைத் திரவத்தை வாங்கிவராதீர்கள். சுத்தமான பொடியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அமிலக் குளியலே வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே சுண்ணாம்பு சேர்க்காத பருத்தித் தாளைத் தேட வேண்டும். பிளாட்டினம் அச்சுக்கென்று ஐரோப்பிய ஆலைகள் செய்யும் தாள்கள் இதற்கும் பொருந்தும், விலைதான் பயமுறுத்தும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் பருத்தி நாரில் செய்வது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம். கைக்காகிதத்தில் ஒரு கட்டுக்கும் இன்னொரு கட்டுக்கும் வித்தியாசம் இருக்கும் என்பதால் ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டைச் சோதித்துவிடுவது நல்லது.

கஞ்சி

நெசவு தெரிந்தவர்களுக்குப் பாவுக்குக் கஞ்சி போடுவது தெரியும். தாளுக்கும் கஞ்சி உண்டு. கஞ்சி இல்லாத தாள் வெறும் ஒற்றுத்தாள். அதில் கரைசலைத் தடவினால் அடிவரைக்கும் இறங்கிவிடும். நீலமும் நாரின் ஆழத்தில் பிறக்கும். மேலிருந்து பார்த்தால் சோகை பிடித்த படம். ஆழத்தில் தங்கிய உப்பை அலசி எடுப்பதும் கடினம், வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகும். கஞ்சி அளவுக்கு மீறிப்போனால் எதிர்க் கோளாறு: கரைசல் மேலேயே நின்று, பிறந்த நீலம் பிடிமானமில்லாமல் அலசும்போது கோடு கோடாக இறங்கிப் போகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் கலை நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. தஞ்சை, அரியலூர் வட்டாரத்துக் கருப்பூர் கலம்காரி அதற்கு உதாரணம். கலம்காரியில் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவ விடாது. இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை எழுதுகோலில் தொட்டு எழுதினால், கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து கோடு கறுக்கும். செல்லுலோஸ் நார், அதைக் கட்டுப்படுத்த ஒரு பூச்சு, அதன்மேல் இரும்பு உப்பு: ஹெர்ஷலுக்கு வெகுகாலம் முன்பே இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பழக்கியவர்கள் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்கள். அவர்கள் கையில் இல்லாதது ஒளியில் மாறும் சிட்ரேட் மட்டும்தான்.

வீட்டில் கஞ்சி போடுவதென்றால் இரண்டு மூன்று சதவீத ஜெலட்டின் கரைசலில் தாளை மிதக்கவிட்டு எடுக்கலாம். கூவைமாவுக் கஞ்சியும் தடவலாம். தானா ராத்தாவில் இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் பூஞ்சைக்கு விருந்து. இந்தக் காற்றில் கஞ்சி போட்ட தாளை ஒரு வாரம் மூடிவைத்தால் கறுப்புப் புள்ளிகளோடுதான் வெளியே வரும். ஆலையிலேயே பசையேற்றி வரும் தாளை வாங்குவது இங்கே சோம்பேறித்தனமல்ல, புத்திசாலித்தனம்.

பூச்சு

அளவுகள் எளிமையானவை. 100 மில்லி நீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு பாட்டிலில். 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொன்றில். காய்ச்சி வடித்த நீர் உத்தமம். தனித்தனியே இருட்டில் வைத்திருந்து, பூசும் வேளையில் மட்டும் சரிபாதியாகக் கலக்க வேண்டும். சிட்ரேட் பச்சை, பழுப்பு என இரு வகையில் விற்கும். பச்சையைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் ஒளிக்கு நன்றாக அசையும்.

சிட்ரேட் பாட்டிலில் சில வாரங்களில் மேலே ஓர் ஆடை படரும். அதுவும் பூஞ்சைதான், சிட்ரேட் அதற்குச் சாப்பாடு. காபி வடிதாளில் வடிகட்டினால் கரைசலை உபயோகிக்கலாம். அதைவிட, தேவைக்கு மட்டும் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது மேல். ஃபெரிசயனைடு என்ற பெயரில் சயனைடு இருப்பதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சாதாரணக் கையாளலில் ஆபத்து குறைவு. ஆனால் கடுமையான அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அந்த விளையாட்டு வேண்டாம். முன்னே சொன்ன சல்பாமிக் குளியலும் இந்தப் பாட்டிலும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. கையுறை போடுங்கள், சமையலறைக் கிண்ணங்களைத் தொடாதீர்கள்.

தூரிகையில் உலோகப் பூண் இருக்கக்கூடாது. கரைசல் உலோகத்தைத் தொட்டதும் அங்கேயே நீலம் உண்டாகி, தூரிகை போகும் வழியெல்லாம் புள்ளி விழும். மூங்கில் பிடியில் நூலால் கட்டிய அகலத் தூரிகை, சீனக் கடைகளில் கிடைப்பது, கச்சிதம். மங்கலான மஞ்சள் விளக்கு போதும். சன்னலை மூடிவிட வேண்டும். இருபதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் தாளுக்கு இரண்டு மில்லி கரைசல் தாராளம். நடுவில் ஊற்றி, முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, அழுத்தாமல் இழுங்கள். குளம் கட்டினால் வெறும் தூரிகையால் ஒற்றி எடுங்கள். தேய்க்கத் தேய்க்க நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது தவறு. நனைந்த நார் மயிர்போலக் கிளம்பிவிடும், அப்புறம் அந்த இடத்தில் எந்தக் கோடும் கூர்மையாக விழாது.

காயவைத்தல்

மலைக்கும் தாளுக்குமான உண்மையான சண்டை இங்கேதான்.

தாள் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கையில் பருத்தித் தாளில் எடைக்கு ஆறேழு சதவீதம் நீர் இருக்கும். 90 சதவீதத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். தானா ராத்தாவில் மழை நாளில் 90 என்பது சாதாரணம். ஆக, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நாம் சொல்லும் தாள் உண்மையில் காய்ந்ததே இல்லை. அந்த நீரில் உப்புகள் அசையும். அசைந்தால், ஒளியே படாமலும் ஃபெரிக் இரும்பில் கொஞ்சம் ஃபெரஸாக மாறும். தாளில் பசையோ அழுக்கோ இருந்தால் இன்னும் வேகமாக. மஞ்சள்பச்சையாக இருக்க வேண்டிய பூச்சு நீலம் கலந்த பச்சையாகிவிடும். அதை வெயிலில் வைத்தால் வெள்ளை என்று ஓர் இடமே இருக்காது. ஈரத் தாளின் மேல் நெகட்டிவை வைத்தால் அதுவும் ஒட்டிக் கறைபடும்.

அப்படியானால் எலும்பு வற்ற உலர்த்திவிட வேண்டுமா? அதுவும் ஆகாது. பிறந்த ஃபெரஸ் அயனி நகர்ந்து போய் ஃபெரிசயனைடைச் சந்திக்கக் கொஞ்சம் நீர் வேண்டும். அறவே உலர்ந்த தாளில் படம் மெதுவாகவும் சப்பையாகவும் வரும். வேண்டியது நடுநிலை, காற்றில் 50 சதவீத ஈரப்பதத்தோடு சமாதானமாகிவிட்ட தாள்.

அதை மழைக்குள்ளே எப்படி உண்டாக்குவது? தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களிடம் விடை இருக்கிறது. கொழுந்தை வாட்டும் தொட்டியில் அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். ஈரமான நாட்களில் அந்தக் காற்றை இளஞ்சூடாக்கிக்கொள்வார்கள். தாளுக்கும் அதே கணக்குதான். 18 பாகையில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை 28 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரைக் கூட வெளியேற்றாமலே, அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் இருக்கும் நீராவி பாதியாகத் தெரிகிறது. பழைய மர அலமாரி ஒன்றின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அதன் வெளிச்சம் மேலே போகாதபடி தகரத்தால் மறைத்து, கதவை விரலளவு திறந்துவைத்தால் வேலை முடிந்தது. பூசிய தாளை முதலில் சில நிமிடம் படுக்கையாக விட வேண்டும். உடனே தொங்கவிட்டால் கரைசல் கீழ் ஓரத்துக்கு இறங்கும். கரைசல் நாருக்குள் அமர்ந்த பிறகு அலமாரிக்குள் மாட்டலாம். முடி உலர்த்தும் கருவியால் அவசரப்படுத்துகிறவர்கள் குளிர்காற்றில் வைத்துக்கொள்ளட்டும். கொதிக்கும் காற்று பூச்சைக் கெடுக்கும்.

காய்ந்த தாளை அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அதற்கும் மேலே ஆசைப்படாதீர்கள்.

வெயில், தண்ணீர்

வெயிலைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் தோராயமாகப் பத்து சதவீதம் கூடும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் இருப்பதால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்படிப்பட்ட நாட்களில் சில நிமிடங்களே போதும். மூடுபனியிலும் படம் வரும், ஏனென்றால் புற ஊதாக் கதிர் சிதறித்தான் வருகிறது, மறைந்து போவதில்லை. நேரம் நீளும், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி நுழைவதால், கண்ணாடியால் அழுத்தாத செடியின் ஓரம் கலங்கும். கடிகாரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள்: மஞ்சள்பச்சை நீலமாகி, அடர்ந்த இடங்கள் சாம்பல் பூத்தால் எடுத்துவிடலாம். அந்தச் சாம்பல் கெட்டுப்போன அறிகுறி அல்ல. ஒளி மிஞ்சியதால் நீலமே எலக்ட்ரானை வாங்கி நிறமிழந்து நிற்கிறது. பிரஷ்யன் வெள்ளை என்பார்கள். காற்றுப் பட்டு ஒரு நாளில் நீலம் திரும்பும். பொறுமை இல்லாதவர்கள் அலசும் தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் கண்ணெதிரே திரும்பும்.

அலசும் நீரில் சுண்ணாம்பு கூடாது. கேமரன் மலை கிரானைட் மலை. அங்கே இறங்கும் ஓடையில் கரைந்த தாது குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீரோடு மல்லுக்கட்டும் சென்னை நண்பர்கள் பொறாமைப்படலாம். குழாய் நீர் சுத்திகரிப்பில் காரம் ஏறியிருக்கக்கூடும் என்பதால் முதல் அலசலில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டுவிடுவது காப்பு. மஞ்சள் இறங்குவது நிற்கும்வரை, பத்து நிமிடமாவது அலச வேண்டும்.

கொழுந்து வந்து சேரும் இடம்

பிரஷ்யன் நீலமும் தேயிலையும் சந்தித்தது ஒரு மோசடியில். 1844இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கில வேதியியலாளர், சீனாவிலிருந்து வந்த பச்சைத் தேயிலையை நுண்ணோக்கியில் வைத்து, இலை மேல் நீலப் பொடி ஒட்டியிருப்பதைக் கண்டார். சில ஆண்டுகள் கழித்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தேயிலைச் செடி திரட்டச் சீன உடையில் உள்நாட்டுக்குள் போன ராபர்ட் ஃபார்ச்சூன் அதைத் தொழிற்சாலையிலேயே பார்த்தார். பிரஷ்யன் நீலத்தையும் ஜிப்சத்தையும் பொடித்து, வறுக்கும் இலையில் தூவிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்களின் கைகள் நீலம். ஏன் என்று விசாரித்தால், வெளிநாட்டாருக்கு அந்த நிறம் பிடிக்கிறது என்பதே காரணம். தங்கள் தேயிலையில் அவர்கள் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அனுப்பிய மாதிரிகள் 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. தேயிலையைப் பச்சையாக்க நீலம் பூசிய காலம் அது. இன்றைக்கு நீலத்தைக் கறுப்பாக்கத் தேயிலையைப் போடுகிறோம்.

அதற்குப் பின்னால் இருப்பது கடுக்காய் மைதான். அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்து கறுப்பு மை தருவது, டானின் இரும்பைப் பிடித்துக்கொள்வதால். தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் கால் பங்குக்கு மேல் இதே குடும்பத்துப் பாலிஃபினால்கள். ஆனால் பிரஷ்யன் நீலத்தில் இரும்பு சயனைடோடு பூட்டிக்கிடக்கிறது; தேநீரில் நேராகப் போட்டால் மெதுவாகவே அசையும். ஆகவே முதலில் எதிரியைக் கூப்பிட வேண்டும். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. படம் உள்ளே போனதும் நீலம் கரைந்து, வெளிறிய துருநிறச் சாயல் மிஞ்சும். சுண்ணாம்புத் தாள் கள்ளத்தனமாகச் செய்த அதே காரியத்தை இப்போது நாமே தெரிந்து செய்கிறோம். நன்றாக அலசி, ஆறிய கெட்டித் தேநீரில் போட்டால் அந்தத் துரு டானினைப் பிடித்துப் பழுப்பாகி, ஊத்தாவுக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு நிறத்தில் நிற்கும்.

எந்தத் தேநீர்? தே தாரிக் உதவாது. பாலின் கேசீன் டானினை முந்திப் பிடித்துக்கொள்ளும். சீனி போடாத தே ஓ கோசோங் வேலை செய்யும், ஆனால் படத்தின் வெள்ளையையும் சேர்த்துக் கறையாக்கும். கறுப்புத் தேயிலையில் நொதித்தலின்போது உண்டான செம்பழுப்பு நிறமிகள்தான் தாளில் ஏறுகின்றன. பச்சைக் கொழுந்திலோ பாலிஃபினால்கள் பெரும்பாலும் நிறமற்றவை. கொழுந்தைப் பறித்து வாடவிட்டு நசுக்கினால் அதிலுள்ள நொதி அவற்றைச் சிவக்கவைக்கும். பறித்த கையோடு கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், வெளிர்மஞ்சள் கஷாயம் கிடைக்கும். வெள்ளை வெள்ளையாகவே இருக்க, இரும்பு உள்ள இடம் மட்டும் கறுக்க, இதைவிட நல்ல குளியல் கிடையாது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருப்பவருக்கு மட்டும் வாய்க்கும் சலுகை இது. கொழுந்தில் கை வைக்கும் முன் தோட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முடித்த படத்தை எதில் வைப்பது என்பதில் ஒரு பொறி காத்திருக்கிறது. கடைக்காரர் ஆவணத் தர ஆல்பம் என்று நீட்டுவதில் பாதி, சுண்ணாம்பு சேர்த்த தாள். அதில் வைத்த நீலப் படம் இந்த மலையின் ஈரத்தில் மெல்ல மெல்லக் காரத்தை உறிஞ்சி வெளுக்கும், அப்படிப் போனது திரும்பாது. வெயில் படும் சுவரில் மாட்டி வெளுத்தது வேறு. அது எலக்ட்ரானை வாங்கி நிறமிழந்ததுதான், இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆல்பம் வாங்கும்போது காரம் சேர்க்காததா என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால், சுண்ணாம்பு இல்லையென்று நீங்கள் சோதித்து வைத்திருக்கும் அதே பருத்தித் தாளில் ஓர் உறை மடித்துக்கொள்ளுங்கள்.